கியூஜிஐஎஸ்: ஏரியை அளந்து கொள்கை பேச வரும் மாணவருக்கு இது போதுமா?

இயற்கை வள மேலாண்மை, சுற்றுச்சூழல் கொள்கை, நீர்வள நிர்வாகம் என்று எந்தப் பெயரில் முதுகலை சேர்ந்தாலும் கடைசியில் ஓர் ஆய்வேடு உண்டு. அதில் வரைபடம் ஒன்றாவது இருக்க வேண்டும், வரைபடத்துக்குக் கீழே ஓர் எண்ணும் வேண்டும்: ஏரியின் நீர்ப்பரப்பு இத்தனை ஹெக்டேர் குறைந்தது, பசுமை இத்தனை சதவீதம் கூடியது என்று. கொள்கைப் பரிந்துரை முழுவதும் அந்த எண்ணின் மேல்தான் நிற்கும். இந்த வேலைக்கு மாணவர்கள் பெரும்பாலும் எடுப்பது கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள். அந்த ஒரு பயன்பாட்டுக்கு அது எப்படி என்பதுதான் இந்த மதிப்பாய்வு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முதுகலை ஆய்வேட்டுக்கு இது தாராளமாகப் போதும்; காசு கொடுத்து வேறு எதையும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் இந்த மென்பொருள் யாரையும் தடுக்காது. தப்பான உள்ளீட்டைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் ஓர் எண்ணைத் தரும், படமும் பளிச்சென்று வரும். சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்தால் தப்பித்தோம் என்று எடுத்துக்கொள்ளலாம். எதுவும் வராமல் முடிந்த கணக்கைத்தான் இரண்டாம் முறை பார்க்க வேண்டும்.

2002இல் கேரி ஷெர்மன் தொடங்கிய திட்டம் இது. திறந்த மூல உரிமம் என்பதால் விலை இல்லை, காலாவதி இல்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நான்கு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு வரும். ஆண்டுக்கு ஒன்றை நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்று அறிவிப்பார்கள். ஆய்வேடு எழுதுபவர் அதை மட்டும் நிறுவ வேண்டும், முடிக்கும்வரை மாற்றக் கூடாது. பாதி வேலையில் புதிய பதிப்புக்குத் தாவினால் மென்பொருள் ஓடும், அதில் நம்பியிருந்த ப்ளகின் (கூடுதலாகச் சேர்க்கும் நிரல்) ஓடாது.

நிறுவும் கோப்பு ஒரு ஜிபிக்கு மேல். 8 ஜிபி ரேம் இருந்தால் ஒரு வட்ட அளவிலான வேலைக்குத் தடையில்லை. வேகம் வேண்டுமானால் எஸ்எஸ்டி வட்டில் காசைப் போடுங்கள். கோப்புறையை டி டிரைவில் நேரடியாக, ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாத சின்னப் பெயரோடு வையுங்கள். பாதையில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ இருந்தால் உள்ளே ஓடும் கிராஸ், சாகா போன்ற கருவிகள் காரணம் சொல்லாமல் நின்றுபோகும். இன்னொன்று: பழைய யூடியூப் பாடங்களில் சாகா கருவிகள் தானாகவே இருக்கும். இப்போது சாகாவைத் தனியாக நிறுவி, 'பிராசஸிங் சாகா நெக்ஸ்ட்ஜென்' என்ற ப்ளகினையும் சேர்க்க வேண்டும். கிராஸையும் ப்ளகின் பட்டியலில் போய் டிக் செய்தால்தான் டூல்பாக்ஸில் தெரியும். 'அந்தக் கருவியே என்னிடம் இல்லை' என்ற புலம்பல் பாதிக்கு இதுதான் காரணம்.

பரப்பளவு எங்கே தப்புகிறது

மென்பொருளைத் திறந்ததும் பெரும்பாலானோர் முதலில் செய்வது பின்னணிக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பையோ கூகுள் படத்தையோ இழுத்துப் போடுவது. அங்கேயே வினை ஆரம்பம். முதலில் வந்த லேயரின் (வரைபட அடுக்கின்) ஆய முறையை, அதாவது இடத்தை எண்களால் குறிக்கும் முறையை, திட்டம் முழுவதற்கும் எடுத்துக்கொள்வது கியூஜிஐஎஸின் இயல்பு. அந்தப் பின்னணிப் படங்கள் இபிஎஸ்ஜி 3857 என்ற வெப் மெர்கேட்டரில் இருப்பவை. அதன்பின் வரையும் ஏரி எல்லையும் அதிலேயே சேமிக்கப்படும். வெப் மெர்கேட்டரில் நிலநடுக்கோட்டை விட்டு விலக விலகப் பரப்பு பெருத்துக்காட்டும். கன்னியாகுமரிப் பக்கம் 8 பாகையில் 2 சதவீதத்துக்கு மேல், திருச்சி அட்சத்தில் சுமார் 4 சதவீதம், சென்னை 13 பாகையில் 5 சதவீதத்துக்கு மேல். 100 ஹெக்டேர் ஏரி 105 என்று வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

இதற்கு நேர் எதிரானது, பாகையிலேயே இருக்கும் இபிஎஸ்ஜி 4326 என்ற ஆய முறை. அதில் தட்டையான கணக்கைப் போட்டால் அதே 100 ஹெக்டேர் 0.00008 என்று வரும். தப்பு என்று பார்த்ததும் தெரிந்துவிடுவதால் அதைப் பற்றிப் பயமில்லை.

இரண்டுக்கும் தீர்வு ஒன்றே. வேலையைத் தொடங்கும் முன் திட்டத்தை யூடிஎம்முக்கு (பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் ஆய முறை) மாற்றுங்கள்: 78 பாகைத் தீர்க்கத்துக்குக் கிழக்கே 32644, மேற்கே 32643. இந்த 78ஆம் கோடு தமிழ்நாட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. கோவை, ஈரோடு, தேனி, நெல்லை ஒரு பக்கம். சேலம், திருச்சி, மதுரை, சென்னை மறு பக்கம். திண்டுக்கல் ஏறக்குறைய கோட்டின் மேலேயே. வைகைப் படுகையை எடுத்தால் தலை ஒரு மண்டலத்திலும் வால் இன்னொன்றிலும் கிடக்கும். வாய்மொழித் தேர்வில் இதைக் குடைந்து கேட்கும் தேர்வாளர்கள் உண்டு. உண்மையில் மண்டலத்தைத் தாண்டி ஒரு பாகை போனாலும் பரப்புப் பிழை அரை சதவீதத்தைத் தொடாது. ஒரே மண்டலத்தை முழுப் படுகைக்கும் வைத்துக்கொண்டு, அதை ஒரு வரியில் எழுதிவிட்டால் போதும்.

லேயரின் அட்டவணையில் கணக்குப் போடும் ஃபீல்ட் கால்குலேட்டரில் பரப்பைக் கேட்க இரண்டு வழிகள் உள்ளன. டாலர் குறியோடு வரும் 'ஏரியா' பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்கும். அடைப்புக்குள் வடிவத்தைக் கொடுக்கும் 'ஏரியா' தட்டையாகக் கணக்கிடும். இரண்டையும் இரண்டு பத்தியில் போட்டுப் பாருங்கள். யூடிஎம்மில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு சதவீதத்துக்கு மேல் விலகினால் ஆய முறையில் கோளாறு என்று பொருள். அரை நிமிட வேலை.

நீர்ப்பரப்பு: மாணவர்கள் அதிகம் எடுக்கும் பயிற்சி

சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படம் இலவசம், பிக்சல் 10 மீட்டர், அதாவது 100 பிக்சல் ஒரு ஹெக்டேர். இரண்டாம் நிலைத் தயாரிப்பை இறக்கி, 10 மீட்டர் கோப்புறையில் இருக்கும் பேண்டுகளில் (ஒவ்வோர் ஒளி அலைக்கும் தனியாக எடுத்த படம்) பேண்ட் 3 (பச்சை), பேண்ட் 8 (அண்மை அகச்சிவப்பு) இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏரி எல்லைக்கு வெளியே 200 மீட்டர் விட்டு வெட்டுங்கள். பச்சையிலிருந்து அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுத்தால் நீர்க் குறியீடு. மக்ஃபீட்டர்ஸ் 1996இல் தந்த வாய்பாடு இது. பூஜ்யத்துக்கு மேல் இருப்பது நீர் என்பது தொடக்க வரம்பு மட்டுமே. கலங்கல் நீர் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும் என்பதால், எந்த மதிப்பில் எத்தனை பிக்சல் என்று காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து இரண்டு மேடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளம் எங்கே விழுகிறது என்று பார்த்து வரம்பை நகர்த்த வேண்டும். பிறகு 'சீவ்' கருவியால் 10 பிக்சலுக்குக் குறைந்த திட்டுகளை நீக்கி, பாலிகனாக (மூடிய எல்லைக்கோட்டு வடிவமாக) மாற்றி, பரப்பைக் கேட்கலாம்.

இதில் மூன்று குழிகள்.

முதலாவது கால்குலேட்டர். கியூஜிஐஎஸின் சொந்த ராஸ்டர் (பிக்சல்களால் ஆன படம்) கால்குலேட்டர் தசம எண்ணில் கணக்கிடும், பிரச்சினை இல்லை. டூல்பாக்ஸில் ஜிடால் பெயரில் இருக்கும் கால்குலேட்டரோ படத்தின் எண் வகையை அப்படியே எடுத்துக்கொள்ளும். சென்டினல் படம் குறியில்லாத 16 பிட் முழு எண். அதில் எதிர்மறைக்கு இடமே கிடையாது. 900இலிருந்து 2500ஐக் கழித்தால் மைனஸ் 1600 வராது, 63,936 வரும். வயல், காடு எல்லாம் நீராக மின்னும். பேண்டை முதலில் ஃப்ளோட் (தசம எண்) வகைக்கு மாற்றுங்கள், அல்லது அந்தக் கால்குலேட்டரையே தொடாதீர்கள்.

இரண்டாவது, 1000 விவகாரம். ஆய்வேடுகளில் அதிகம் தப்பிப் போவது இதுதான். 2022 ஜனவரி 25 முதல் ஐரோப்பிய விண்வெளி முகமை சென்டினல்-2 எண்களோடு 1000ஐக் கூட்டி வெளியிடுகிறது. பயன்படுத்துபவர் அதைக் கழித்துவிட்டு 10,000ஆல் வகுக்க வேண்டும். கியூஜிஐஎஸ் இதைத் தானாகச் செய்யாது. ஒரு தோப்பின் பிக்சலை எடுத்துக்கொள்வோம்: கோப்பில் பேண்ட் 8இன் மதிப்பு 4000, பேண்ட் 4 (சிவப்பு) 1600. பசுமையை அளக்கும் தாவரக் குறியீடு என்பது இவ்விரண்டின் வித்தியாசத்தைக் கூட்டலால் வகுப்பது. அப்படியே போட்டால் 2400ஐ 5600ஆல் வகுத்து 0.43. கழித்துப் போட்டால் 3000, 600. 2400ஐ 3600ஆல் வகுத்து 0.67. 2019 படத்தையும் 2023 படத்தையும் கழிக்காமல் ஒப்பிடுபவருக்கு மாவட்டம் முழுக்கப் பசுமை சரிந்ததாகத் தெரியும். உடனே 'காடழிப்பும் கொள்கைத் தோல்வியும்' என்று ஓர் அத்தியாயம் எழுந்துவிடும்.

நீர்க் குறியீட்டில் பூஜ்யத்தையே வரம்பாக வைத்தவர்கள் பெரும்பாலும் தப்பித்துக்கொள்வார்கள், கூட்டிய 1000 கழித்தலில் அடிபட்டுப் போவதால் குறி மாறாது. ஆனால் 0.1, 0.2 என்று வரம்பு வைத்தால் மாட்டுவார்கள். தேதியை மட்டும் பார்த்தும் முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் பழைய படங்களையும் மறுசெயலாக்கம் செய்து வெளியிட்டிருக்கிறார்கள். கோப்புப் பெயரில் 'என்' என்ற எழுத்துக்குப் பின் வரும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 0400 அல்லது அதற்கு மேல் என்றால் கழிக்க வேண்டும். தெளிந்த நீரில் கழித்தபின் மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே போய்க் குறியீடு 1ஐத் தாண்டுவதும் உண்டு. அந்த பிக்சல்களை நீர் என்றே எடுத்துக்கொள்ளலாம், பதற வேண்டாம்.

மூன்றாவது குழி மென்பொருளில் இல்லை, ஏரியில் இருக்கிறது. ஆகாயத்தாமரை மூடிய நீர் அகச்சிவப்பில் வயலைப் போலத்தான் தெரியும். சீமைக்கருவேலம், நெய்வேலி காட்டாமணக்கு முளைத்த ஓரங்களும் அப்படியே. குறியீடு 'நீர் இல்லை' என்று சொல்லும், கீழே ஆளை முழுக்கும் தண்ணீர் நிற்கும். மாறாக, நடவுக்கு நீர் கட்டிய ஆயக்கட்டு வயல் ஐப்பசியில் ஏரியோடு சேர்ந்து நீராகத் தெரியும். அதனால் கரையை ஒட்டி ஒரு கோடு வரைந்து வயல் பக்கத்தை வெட்டிவிட வேண்டும். மாதமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை முடிந்து வானம் தெளியும் ஜனவரிப் படத்தை எல்லா ஆண்டுக்கும் எடுங்கள். ஒரு ஆண்டு ஜனவரி, இன்னோர் ஆண்டு ஆகஸ்ட் என்று எடுத்தால் அளப்பது பருவத்தைத்தான்.

எவ்வளவு குறைந்தால் குறைந்தது என்று சொல்லலாம்? ஒரு கிலோமீட்டர் பக்கமுள்ள சதுர ஏரி என்று வையுங்கள்: பரப்பு 100 ஹெக்டேர், சுற்றளவு 4 கிலோமீட்டர். கரையோரத்தில் அரை பிக்சல் பிசகினால், 10 மீட்டர் படத்தில் 2 ஹெக்டேர், 30 மீட்டர் பிக்சல் கொண்ட லேண்ட்சாட் (அமெரிக்கச் செயற்கைக்கோள்) படத்தில் 6 ஹெக்டேர். ஏரி சிறியதாகவும் கோணல்மாணலாகவும் இருந்தால் சதவீதம் இன்னும் ஏறும். ஆகவே 1990களின் லேண்ட்சாட் 5 படத்தையும் இன்றைய சென்டினலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 4 ஹெக்டேர் போய்விட்டது என்று எழுத வழியில்லை. பழைய காலத்தோடு ஒப்பிட வேண்டுமானால் இன்றைக்கும் லேண்ட்சாட் 8 அல்லது 9ஐயே எடுங்கள்.

நீர்ப்பிடிப்பு எல்லை

இதற்கு கிராஸின் 'ஆர் வாட்டர்ஷெட்' நல்ல கருவி. எஸ்ஆர்டிஎம் உயரத் தரவை ஆய்வுப் பகுதிக்கு வெளியே 5 கிலோமீட்டர் விட்டு வெட்டி, யூடிஎம்முக்கு மாற்றும்போது 'பைலீனியர்' முறையைத் தேர்ந்தெடுங்கள். இயல்பாக இருக்கும் 'நியரஸ்ட் நெய்பர்' உயரத்தில் படிக்கட்டு போலக் கோடு விழச்செய்யும், ஓடைகள் அந்தக் கோட்டிலேயே ஓடும். குறைந்தபட்சப் படுகை அளவை 1000 செல் என்று கொடுத்தால் 30 மீட்டர் செல்லுக்கு 0.9 சதுர கிலோமீட்டர். படுகையின் நீர் வெளியேறும் இடத்தைக் குறிக்கும் வெளியேற்றப் புள்ளி சரியாக ஓடை செல்லின் மேல் விழ வேண்டும். ஒரு செல் தள்ளி வைத்தால் முழுப் படுகைக்குப் பதில் நகத்துண்டு அளவு வரும். பாடங்களில் சொல்லும் 'பள்ளம் நிரப்புதல்' இந்தக் கருவிக்குத் தேவையே இல்லை. ஏரிகள் நிறைந்த மாவட்டத்தில் அந்தப் படி நிஜமான குளங்களையும் மண்ணள்ளிப் போட்டு மூடிவிடும்.

சமவெளியில் மட்டும் இதை நம்ப வேண்டாம். எஸ்ஆர்டிஎம் 2000 பிப்ரவரியில் 11 நாளில் ராடாரால் எடுத்தது. உயரம் முழு மீட்டரில்தான் இருக்கும், மரமும் கட்டடமும் அதில் சேர்ந்தே வரும். காவிரி டெல்டாவில் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்காத தரையில் ஒரு தென்னந்தோப்பே நீர்ப்பிரிமுகடாகிவிடும். சங்கிலித் தொடர் ஏரிகளில் எது எதற்கு வழிகிறது என்பதைக் கலிங்கையும் வாய்க்காலையும் நேரில் பார்த்துத்தான் எழுத முடியும்.

ஆக்கிரமிப்பு என்று எழுதும் முன்

தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் 2007இல் வந்தது. அதை மேற்கோள் காட்டிவிட்டு, ஆதாரமாகச் செயற்கைக்கோள் படத்தை மட்டும் வைக்கும் ஆய்வேடுகள் நிறைய. எல்லையைச் சொல்வது வருவாய்த் துறைப் புலப்படமும் பதிவேடும்; படம் சொல்வது அன்றைக்கு அங்கே என்ன இருந்தது என்பதை மட்டும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்த கியூஜிஐஎஸில் 'ஜியோரெஃபரன்சர்' இருக்கிறது, அருமையாக வேலை செய்யும், ஒரு நிபந்தனையோடு. முதல்நிலைப் பாலினாமியல் என்ற எளிய பொருத்தும் முறைக்கு மூன்று புள்ளி போதும் என்று மூன்றே புள்ளி வைத்தால் பிழை பூஜ்யம் என்று காட்டும். அதை அப்படியே ஆய்வேட்டில் பெருமையாகப் போடுகிறவர்களும் உண்டு. மூன்று புள்ளிக்கு எப்போதுமே பூஜ்யம்தான் வரும், ஒப்பிட நான்காவது ஆள் இல்லையே. குறைந்தது எட்டுப் புள்ளிகள் வேண்டும்: மூன்று ஊர் எல்லை கூடும் கல், பழைய கோயில் மூலை, மதகு. புதிய சாலை முனைகளை எடுக்காதீர்கள், வரைபடம் அதற்கு முந்தியது. 'தின் பிளேட் ஸ்ப்லைன்' எத்தனை புள்ளி வைத்தாலும் பிழையே காட்டாமல் காகிதத்தை ரப்பராக இழுத்துவிடும், அந்தப் பக்கம் போக வேண்டாம். பொருத்தியபின் சராசரிப் பிழை 8 மீட்டர் என்று வந்தால், 8 மீட்டருக்குள் தெரியும் எந்த மீறலையும் ஆக்கிரமிப்பு என்று எழுதக் கூடாது.

காட்டுக்கும் இதே கதை. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் ஒரு ஹெக்டேருக்கு மேல், 10 சதவீத விதானம் இருந்தால் காட்டுப் போர்வை. தோப்பும் அதில் சேரும். பதிவான காட்டு நிலம் என்பது வேறு. வகைப்பாட்டில் 'காடு' என்று ஒரு வண்ணம் தீட்டும் முன் எதைக் குறிக்கிறீர்கள் என்று எழுதிவிடுங்கள். வகைப்பாட்டுக்கு 'செமி ஆட்டோமேட்டிக் கிளாசிஃபிகேஷன்' ப்ளகின் போதும், துல்லியச் சோதனைக்கு 'அக்கட்டாமா'. பயிற்சிக்கு வரைந்த பாலிகனிலேயே சோதனையும் செய்து 95 சதவீதம் என்று எழுதுவது மோசடிக்குப் பக்கத்தில் போகிறது. சோதனைப் புள்ளிகள் தனியாக, வகைக்கு 50ஆவது வேண்டும்.

தமிழில் பெயர் எழுதிய வரைபடம் நன்றாகவே வருகிறது. ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வகையை மட்டும் விட்டுவிடுங்கள்: பத்தித் தலைப்புக்கு அதில் 10 பைட்தான், தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று பைட் தின்னும், மூன்றெழுத்தோடு தலைப்பு நின்றுவிடும். ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வகையில் இந்தத் தொல்லை இல்லை. பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்துகளைப் பாதைகளாக ஏற்றுமதி செய்யும் தேர்வை வைத்தால் கொம்பும் காலும் பிரியாது.

காசு கொடுத்து வாங்கும் ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ சில இடங்களில் மெருகு கூடியது, ஆனால் விண்டோஸில் மட்டும் ஓடும், கல்லூரி உரிமம் முடிந்தால் மாணவரின் திட்டக் கோப்பு பூட்டிய பெட்டி. செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே கணக்கிடும் கூகுள் எர்த் எஞ்சின் வேறு ரகம். இருபது ஆண்டுக்கு மாதாமாதம் நீர்ப்பரப்பு வேண்டும் என்றால் கியூஜிஐஎஸில் படம் படமாக இறக்கிக்கொண்டிருப்பது வீண். அங்கே நிரல் எழுதிக் கணக்கை முடித்து, புலப்படம் பொருத்துவதற்கும் இறுதி வரைபடத்துக்கும் இங்கே வரலாம்.

கியூஜிஐஎஸில் இருக்கும் வசதி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். டூல்பாக்ஸின் 'ஹிஸ்டரி'யில் ஓட்டிய ஒவ்வொரு கருவியும், கொடுத்த ஒவ்வொரு அளவும் தேதியோடு இருக்கும். ஆய்வுமுறை அத்தியாயத்தை நினைவிலிருந்து எழுதாமல் அதைப் பார்த்து எழுதலாம், பின்னிணைப்பாகவும் வைக்கலாம். வெளித் தேர்வாளருக்குத் திட்டத்தை அனுப்பும்போது 'பேக்கேஜ் லேயர்ஸ்' கருவியால் வெக்டர் லேயர்கள் (புள்ளி, கோடு, பாலிகன் கொண்டவை) எல்லாவற்றையும் ஒரே ஜியோபேக்கேஜில் அடக்கி, திட்டத்தில் அந்த லேயர்களையே திறந்து வைத்து, ராஸ்டர்களைப் பக்கத்துக் கோப்புறையில் போட்டு, திட்ட அமைப்பில் பாதைகள் 'ரிலேட்டிவ்' என்று இருக்கிறதா பாருங்கள். தற்காலிக லேயர் ஏதாவது மிச்சமிருந்தால் அதன் பக்கத்தில் சின்னச் சில்லுக் குறி தெரியும்; அதைச் சொடுக்கிச் சேமிக்காமல் மூடினால் லேயர் காலி.